என் கணவர் லண்டனில் இருந்தார்

அந்தக் கடைக்கு இப்போது டொரொன்டோவில் ஒரு கிளையும் லண்டனில் ஒரு கிளையும் இருக்கின்றன. சிட்னியிலும் திறக்கப்போகிறார்களாம். அண்மையில் யாரோ அனுப்பிய காணொளி ஒன்றில், கடைக்கார மேடம் வெள்ளைச் சோபாவில் சாய்ந்திருந்து தன் பிராண்ட் வளர்ந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். தரத்தில் விட்டுக்கொடுக்கவில்லையாம், அவசரப்படவில்லையாம். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது எப்படி வளர்ந்தது என்று எனக்குத் தெரியும். அதை வளர்த்த பொய்களில் ஒன்றுக்கு நான்தான் பெண்சாதியாக இருந்தேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது அது கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு பூட்டுக் கடைக்கும் ஒரு பேக்கரிக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்த சேலைக்கடை. மேடத்தின் தகப்பன் தொடங்கியது. அம்மன் பெயர் எழுதிய தமிழ்ப் பலகை வாசலில் தொங்கியது. தரையில் வெள்ளைத் துணி விரித்து, சேலைகளைக் குவித்து வைத்திருப்போம். வருகிறவர்கள் எல்லாவற்றையும் கிளறி, விலை பேசி, பின்னேரம் வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். வரமாட்டார்கள். மடித்து அடுக்குவதே எனக்கு வேலையாக இருந்தது.

தகப்பன் கண்ணை மூடிய பிறகு மேடம் ஒருமுறை ஐரோப்பாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். அங்கே ஏதோ ஒரு நகரத்தில் ஒரு கடைக் கண்ணாடிக்குள் ஒரேயொரு கைப்பை மட்டும் இருந்ததாம். அதை வாங்க வெளியே மழையில் ஆட்கள் வரிசையில் நின்றார்களாம். "நிறையக் காட்டினாத்தான் மலிவாத் தெரியுது" என்று வந்த நாளே சொன்னார். அடுத்த நாள் முக்கால்வாசிச் சேலைகள் மேல்மாடிக்கு ஏறின. விலைச் சீட்டுகள் எல்லாவற்றையும் நான் உட்கார்ந்து பிய்த்தேன். எங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று பூட்டுக் கடை முதலாளி நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் மேடத்துக்குக் கண் நல்ல கூர்மை. அப்போது கொழும்பின் மறுபக்கத்தில் வெள்ளவத்தை நிரம்பிக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் இருந்து தப்பி வந்தவர்கள் காலி வீதியின் இரண்டு பக்கத்திலும் மாடி மாடியாகக் குடியேறிக்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டு மாப்பிள்ளைமார் ஊருக்குப் போக முடியாமல் கொழும்பில் வந்து இறங்குவார்கள். பெண்ணும் தாயும் ஊரைவிட்டு வெளியேற பாஸ் எடுத்து, கப்பலிலோ பிளேனிலோ வந்து சேருவார்கள். மாப்பிள்ளை லீவு முடிந்து திரும்புவதற்குள் சேலை, தாலி, மண்டபம், ஐயர் எல்லாம் முடிய வேண்டும். ஊரில் செல் குண்டு விழ விழ எங்களுக்கு இங்கே கூறைச் சேலை விற்றது. இதை நான் அழகாகச் சொல்ல விரும்பவில்லை. போர் எங்களுக்கு சீசன்.

மேடம் கடையை வெள்ளவத்தைக்குக் கொண்டுபோனார். குளிரூட்டி, ஆளுயரக் கண்ணாடி, ஐஸ் போட்ட பழச்சாறு. அம்மன் பெயர் போய், எந்தப் பாசை என்று பிடிபடாத ஒரு சின்னப் பெயர் ஆங்கில எழுத்தில் வந்தது. அந்தப் பெயரை ஒவ்வொரு சேலையின் உள்மடிப்பிலும் பட்டுத்துண்டில் தைத்தோம். ஒரு கூறை ஒருத்திக்கு மட்டும்தான், அதே கரை, அதே நிறம் வேறு எவளுக்கும் கிடையாது என்று வாக்குக் கொடுத்தோம். அது எடுபட்டது. கல்யாண வீடியோக்கள் கனடா முழுக்கச் சுற்றும், பெரியம்மாமார் வீடியோ டெக்கை நிறுத்தி நிறுத்திக் கரையைப் பார்ப்பார்கள். "இது எங்க எடுத்தது?" என்று கேட்டு ஸ்காபரோவில் இருந்து போன் கோல் வரும். மேடம் உடனே கொடுக்கமாட்டார். காத்திருக்கச் சொல்லுவார். காத்திருந்தவர்கள் வாங்கிய பிறகு மற்றவர்களிடம் பெருமையாகச் சொல்லுவார்கள். விளம்பரத்துக்கு ஒரு சதம் செலவழிக்காமல் கடை கடல் தாண்டியது இப்படித்தான்.

பிறகு மேடத்துக்கு இன்னொரு யோசனை வந்தது. சேலையோடு உடுத்திவிடுகிறவளையும் சேர்த்து அனுப்புவது. அந்த உடுத்துகிறவள் நான்.

எங்கள் கல்யாணங்களில் மணப்பெண் முதலில் ஒரு சேலையோடு மணவறைக்கு வருவாள். மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த கூறையைத் தட்டத்தில் வைத்துச் சபையிலே எல்லோரும் தொட்டு ஆசீர்வதிப்பார்கள். அதை வாங்கிக்கொண்டு அவள் உள்ளே போய் மாற்றிக்கொண்டு வர வேண்டும். வெளியே மேளகாரர் வாசித்துக்கொண்டே இருப்பார்கள், ஐயர் மணிக்கூட்டைப் பார்ப்பார், தாலி காத்திருக்கும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் பட்டைக் கசங்காமல் உடுத்திவிடுகிறவள் கைராசி உள்ளவளாக இருக்க வேண்டும். கைராசியோடு, புருசன் உயிரோடு இருக்கும் சுமங்கலியாகவும் இருக்க வேண்டும்.

எனக்குக் கைராசி இருந்தது. புருசனும் இருந்தார். புறக்கோட்டையில் ஒரு இரும்புக் கடையில் கணக்கு எழுதினார். கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் ஒரு அறையும் குசினியுமாக வாடகைக்கு இருந்தோம். அதிகம் பேசாத மனிதர். நான் கடையில் நடந்ததைச் சொல்லச் சொல்லச் சிரித்துக்கொண்டு தேத்தண்ணீர் குடிப்பார். ஒரு விடியற்காலை பொலிஸ்காரர் எங்கள் ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்துவிட்டு, "விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம்" என்று கூட்டிக்கொண்டு போனார்கள். சாரத்தை மாற்றிக் காற்சட்டை போடுவதற்கு மட்டும் அவகாசம் கொடுத்தார்கள். பின்னேரம் வருவார் என்று சோறு போட்டு மூடி வைத்தேன். அவர் வரவில்லை. ஸ்டேசன் ஸ்டேசனாக அலைந்து, கடைசியில் கொழும்புக்கு வெளியே ஒரு தடுப்பு முகாமில் இருக்கிறார் என்று தெரியவந்தபோது எனக்கு வந்தது அழுகை அல்ல, ஆறுதல். இருக்கிறார் என்பதே அப்போது பெரிய செய்தி.

மேடத்திடம் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். உண்மையாகவே கவலைப்பட்டார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். பிறகு சொன்னார்: "இது கடைக்குள்ள ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம். நீர் வேலைக்கு வாரும். வேலை இல்லாட்டி கொழும்பில தங்கிற பொலிஸ் பதிவுக்கு என்ன காரணம் சொல்லப்போறீர்? திரும்ப வடக்க, வவுனியாவுக்கு ஏத்தி விட்டிடுவாங்கள்." அது சரிதான். கொழும்பில் இருந்தால்தான் சனிக்கிழமைகளில் அவரைப் பார்க்கப் போக முடியும். கொழும்பில் இருப்பதற்கு அந்த வேலை வேண்டும். அவர் வெளியே வரும்வரைக்கும் அந்த வேலையைப் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்துக்கொள்வது என்று முடிவெடுத்தேன்.

அந்த மாதமே ஒரு பெண்ணின் தாய், கண்ணாடிக்கு முன்னால் நான் ஊசி குத்திக்கொண்டு நின்றபோது கேட்டார்: "பிள்ளை, உங்கட அவர் என்ன செய்யிறார்?"

மேடம் பக்கத்தில்தான் நின்றார். "அவர் லண்டனிலையெல்லோ" என்றார் சிரித்துக்கொண்டு. "ஸ்பொன்சர் சரிவந்தா இவவும் போயிடுவா. அதுக்கு முதல் உங்கட மகளுக்கு உடுத்திவிட இவ கிடைச்சது உங்கட அதிர்ஷ்டம்."

தாயின் முகம் மலர்ந்தது. என் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு உடம்பு கூசியது. ஆனால் மறுத்துச் சொல்லவில்லை. கணவன் தடுப்பில் இருக்கிறவள் கூறை உடுத்துகிறாள் என்று தெரிந்தால் ஒரு தாயும் என்னை மணவறைப் பக்கம் விடமாட்டாள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. எல்லோரும் எதையோ இழந்துவிட்டு வந்தவர்கள். ஒரு நாளாவது எல்லாம் மங்கலமாக நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள்.

பொய் தனியாக வளரவில்லை, அதை வளர்க்க ஆள் இருந்தது. கடையில் என்னோடு வேலை செய்த ஒருத்தி, மலையகத்தில் இருந்து வந்து மட்டக்குளியில் குடியிருந்தவள். என் வயதுதான், ஆனால் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவளுக்கு உண்மை தெரியாது. சொல்லக்கூடாது என்பது மேடத்தின் கட்டளை. மேடம் சொன்னதை அவள் முழுதாக நம்பினாள், நம்பியதை வாடிக்கையாளருக்கு அழகுபடுத்திச் சொன்னாள். "அக்கா வீட்டுக்காரரு ஞாயித்துக்கிழமை தவறாம போன் எடுப்பாருங்க. கோட்டுப் போட்டு போட்டோ அனுப்பியிருக்காரு, ராசா மாதிரி இருக்காரு" என்பாள். வாங்க வந்தவர்கள் ரசித்துக் கேட்பார்கள். அவர் அப்போது எந்தச் சட்டையோடு பிடிபட்டாரோ அதே சட்டையோடு சீமெந்துத் தரையில் படுத்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய்ச் சேலைப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று, சத்தம் வராமல் அழுதுவிட்டு வருவேன்.

அந்த லண்டன் புருசனால் கடைக்கு நல்ல பெயர் வந்தது. நான் உடுத்திவிட்டால் மாப்பிள்ளையின் விசா சுணங்காது என்றுகூட ஒரு கதை கிளம்பியது. என்னை முன்கூட்டியே பதிய வேண்டிய நிலை வந்தது. ஒரே முகூர்த்த நாளில் இரண்டு மண்டபங்களுக்கு ஓடினேன்.

அடுத்ததாக மேடத்தின் கண் கறுவாத்தோட்டத்தில் விழுந்தது. பணக்காரச் சிங்களக் குடும்பங்கள் சேலைக்கு இந்தியா போய் வருகிற காலம் அது. அவர்களை இங்கேயே மடக்க வேண்டும். என்னை ஒரு கண்டிப் பெண்ணிடம் அனுப்பி ஒசரி உடுத்தப் பழக்கினார், இடுப்பைச் சுற்றிக் கொசுவம் விசிறியாக விரியும் அவர்களுடைய சேலைக்கட்டை. கை சீக்கிரம் பழகிவிட்டது. பொட்டைக் கொஞ்சம் சின்னதாக்கச் சொன்னார். சின்னதாக்கினேன். அதையும் எடுக்கச் சொல்லியிருந்தால் எடுத்திருப்பேன். என் ரோசமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

கறுவாத்தோட்டத்துப் புதுக் கடைக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் என் கணவரின் வழக்கைப் பார்த்த சட்டத்தரணி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கணவர் மேல் பெரிதாக ஒன்றும் இல்லை, விடுகிற பட்டியலில் சேர்க்கப் பார்க்கிறார்கள் என்றார். கொழும்பில் மனைவி இருக்கிறாள், அவளுக்கு நிலையான வேலை இருக்கிறது என்று உறுதியானால் போதும். வேலை செய்யும் இடத்துக்கு பொலிசில் இருந்து போன் எடுத்துக் கேட்பார்கள். நான் வெள்ளவத்தைக் கடையின் நம்பரைக் கொடுத்தேன். அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போது கடல் தெரிந்த இடமெல்லாம் எனக்கு அழகாக இருந்தது. அவருக்குப் புதுச் சாரம் ஒன்றுகூட வாங்கிவிட்டேன்.

மேடத்திடம் போய் விசயத்தைச் சொன்னேன். "போன் வந்தா நீங்கள்தான் எடுக்க வேணும், மேடம். இல்லாட்டி மற்றவவுக்கு உண்மையைச் சொல்லி வைப்பம்."

"அவளுக்குச் சொன்னா மட்டக்குளி வரைக்கும் போயிடும்" என்றார். "நான் இருக்கிறன்தானே. நான் கதைக்கிறன். யோசியாதையும்."

அவர் சொன்னதை நம்பினேன். திறப்பு விழா வந்தது. மந்திரி ஒருவரின் மனைவி விளக்கேற்ற வந்தார். அன்று காலை நான் மேடத்தை விட்டு நகரவில்லை. "இண்டைக்கு மட்டும் நான் வெள்ளவத்தையில நிக்கட்டே? போன் வந்தாலும் வரும்" என்று கெஞ்சினேன். "விருந்தாளிகளுக்கு உடுத்திவிட ஆர் இருக்கினம்? ஒரு நாள்தானே. பொலிஸ்காரர் சொன்ன உடன எடுக்கிற ஆக்களே?" என்றார். நான் வந்திருந்த சிங்கள நோனாமாருக்கு ஒசரி உடுத்திவிட்டேன். அவர்கள் என் கையைப் புகழ்ந்தார்கள். ஒருவர் என் கணவரைப் பற்றி மேடத்திடம் கேட்டதும் மேடம் லண்டன் என்று சொன்னதும் காதில் விழுந்தது. எனக்கு அது பழகிப்போயிருந்தது.

மறுநாள் வெள்ளவத்தைக் கடைக்குள் நான் காலை வைத்ததும் வைக்காததுமாக மட்டக்குளிக்காரி ஓடி வந்தாள். முகம் முழுக்கப் பெருமை.

"அக்கா, நேத்து பொலிஸ்லருந்து போன் எடுத்தாங்க. உங்களப் பத்தித்தான் கேட்டாங்க. யாரோ ஒருத்தன் புடிபட்டவன், உங்க வீட்டுக்காரருன்னு சொல்றானாம். ஆனா நான் விடல. எங்க அக்கா அப்படிப்பட்டவங்க இல்ல, அவங்க வீட்டுக்காரரு லண்டன்ல இருக்காரு, வாராவாரம் பேசுறாரு, எனக்கே போட்டோ காட்டியிருக்காங்கன்னு சிங்களத்துல நல்லா அடிச்சுச் சொல்லிட்டேன். இனிமே உங்ககிட்ட வரமாட்டாங்க."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். உண்மையைச் சொன்னபோது தன் வாயிலே படபடவென்று அடித்துக்கொண்டாள். அவளை ஏச எனக்கு மனம் வரவில்லை. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் செய்தாள்.

மேடத்திடம் ஓடினேன். இப்போதே போன் எடுத்து அது பொய் என்று சொல்லுங்கள் என்றேன். காலிலும் விழுந்தேன். இதை எழுதும்போது அதற்காக ஆத்திரம் வருகிறது, ஆனால் விழுந்தேன்.

"பொய் எண்டு நான் சொன்னா என்னை என்னெண்டு நினைப்பினம்?" என்றார். "புலிச் சந்தேகத்தில பிடிபட்டவன்ர மனிசியை வைச்சு மந்திரியின்ர மனிசிக்கு உடுத்திவிட்டனான் எண்டு வெளியில வந்தா? நேற்றுத்தான் திறந்த கடை. கொஞ்சம் பொறும். ஒரு மாதம் போகட்டும், நானே நேரில போய்க் கதைக்கிறன்."

நானே பொலிசுக்குப் போனேன். கல்யாணப் பதிவு, படம் எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தார். அது எவ்வளவு பெரிய கடை, அவர்கள் எதற்குப் பொய் சொல்லப்போகிறார்கள் என்று சிங்களத்தில் கேட்டார். தன் தங்கைக்கும் அங்கேதான் சேலை எடுத்தார்களாம். முதலாளியம்மாவை நேரில் வந்து சொல்லச் சொல் என்று அனுப்பிவிட்டார். ஒரு பெயரை உயர்ந்த பெயராக்க நாங்கள் பட்ட பாடெல்லாம் வீண்போகவில்லை. என் வாயைவிடவும் என் கல்யாணப் பதிவைவிடவும் அந்தக் கடையின் வாய்க்கு மதிப்பு இருந்தது. சட்டத்தரணியும் கையை விரித்தார். பட்டியலில் இருந்து பெயர் போய்விட்டது, இனி முதலில் இருந்து தொடங்க வேண்டும் என்றார்.

சனிக்கிழமை அவரைப் பார்க்கப் போனேன். அங்கே இரண்டு கம்பிவலைகள். நாங்கள் ஒரு பக்கம், அவர்கள் மற்றப் பக்கம், நடுவில் காவலர் நடக்கும் வழி. ஒரே நேரத்தில் எல்லாத் தாய்மாரும் எல்லா மனைவிமாரும் கத்துவார்கள். ஒன்றும் விளங்காது. உதட்டைப் பார்த்துத்தான் பாதியை ஊகிக்க வேண்டும். அவர் மெலிந்துபோயிருந்தார். வழக்கமாகச் சாப்பிட்டாயா என்றுதான் முதலில் கேட்பார். அன்றைக்குக் கேட்கவில்லை. வலையில் விரல்களைக் கோர்த்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"லண்டனில ஆர்?" என்றார்.

விசாரித்தவர்கள் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். உன் பெண்சாதிக்கு வேறு புருசன் இருக்கிறான், வாராவாரம் பேசுகிறானாம், கோட்டுப் போட்டிருக்கிறானாம் என்று.

கூறையையும் சுமங்கலியையும் மேடத்தையும் மட்டக்குளிக்காரியையும் அந்த இரைச்சலில் எப்படிக் கத்திச் சொல்வது? தொடங்கினேன். பக்கத்தில் நின்ற கிழவி மகனிடம் வழக்கு எப்போது என்று கத்தினாள். கடைசியில் ஒரு சொல்தான் வந்தது. "நீங்கள்தான்" என்று கத்தினேன். "லண்டனில இருக்கிறது நீங்கள்தான்."

அவருக்கு அது கேட்டது.

"அப்ப இஞ்ச நிக்கிறது ஆரப்பா?" என்றார். அவர் குரலை உயர்த்தவில்லை. உதடு அசைந்ததைப் பார்த்துத்தான் விளங்கிக்கொண்டேன். நேரம் முடிந்ததென்று விசில் ஊதிவிட்டார்கள்.

அந்தக் கிழமை முழுக்க அவருக்குச் சொல்ல வேண்டியதை மனத்துக்குள் சுருக்கிச் சுருக்கி வைத்துக்கொண்டேன். கத்தினாலும் விளங்கும்படி, நாலே நாலு சொல்லில். அடுத்த சனிக்கிழமை வரிசையில் முதல் ஆளாக நின்றேன். மற்றவர்கள் எல்லோரும் வலைக்கு வந்தார்கள், அவர் வரவில்லை. காவலன் ஒருவன் திரும்பி வந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னான். பார்க்க வந்திருப்பது மனைவி என்று அவரிடம் சொன்னார்களாம். அது வேறு யாரோவாக இருக்கும், அந்தப் பெண்ணின் கணவர் லண்டனில் இருக்கிறார் என்று அவர் சொல்லிவிட்டாராம்.